அண்ணா நகர் முகவரி

“மாமு, சனிக்கிழமை ஒரு நாளு உன் வூட்ட எனக்குக் குடு. நான்தான் அதுல குடியிருக்கிற மாதிரி இருந்துக்கறேன்” என்றான் பீம்ராவ்.

ரெஜி டீ கிளாஸைக் கீழே வைத்தான். கல்லூரி நாளிலிருந்து கூடவே இருக்கும் சிநேகிதன் இப்படி ஓர் உதவி கேட்டதே இல்லை. “எதுக்குலே? போலீஸ் கீலீஸ் தேடுதா?”

“அமெரிக்காவுலேர்ந்து என் மொதலாளி வராருடா. என்னப் பாக்க, வூட்டுக்கே.”

அந்த முதலாளியை பீம்ராவ் பார்த்ததில்லை. குரலைக்கூடக் கேட்டதில்லை. பெயர் டேவ். இன்டர்வியூவே கம்ப்யூட்டர் சாட்டில்தான் நடந்தது. ஒரு புரோகிராம் எழுதச் சொன்னார், எழுதி அனுப்பினான், மறுநாளே வேலை. ஆபீஸ் கிடையாது, அடையாள அட்டை கிடையாது. ஆறு மாதமாக வீட்டில் உட்கார்ந்தபடியே அமெரிக்கக் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறான். 2006-ல் இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

அதற்கு முன் பதினோரு இன்டர்வியூ. எழுத்துத் தேர்வில் தேறுவான், புரோகிராமில் தேறுவான். கடைசியில் யாராவது விண்ணப்பத்தைப் புரட்டி, “வியாசர்பாடியா? எம்.கே.பி. நகரா?” என்பார்கள். அத்தோடு முகம் மாறிவிடும். “லெட்டர் வரும், தம்பி.” ஒரு லெட்டரும் வந்ததில்லை. பன்னிரண்டாவது விண்ணப்பத்தில்தான் ரெஜியின் அண்ணா நகர் முகவரியைப் போட்டான்.

டேவ் தங்கமான மனிதர். ஐப்பசி மழையில் லைன் செத்து இரண்டு நாள் வேலை நின்றபோதுகூட, ‘பத்திரமாக இரு. சப்வேயில் தண்ணீர் நிற்கிறதா?’ என்றுதான் எழுதியிருந்தார். அமெரிக்காக்காரருக்கு நம் ஊரிலும் பூமிக்கடியில் ரயில் ஓடுகிற நினைப்பு என்று அன்று சிரித்துக்கொண்டான் பீம்ராவ். இப்போது சிரிப்பு வரவில்லை. பொய் சொல்லிச் சேர்ந்தவனை எந்த முதலாளி வைத்துக்கொள்வான்?

ரெஜி சம்மதித்துவிட்டான். பீம்ராவ் வீடு திரும்பி மூன்று மாடி ஏறினான். உள்ளே அம்மா பச்சையம்மா புதுக் கப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். முப்பது வருஷமாக ஹார்பரில் சரக்கு இறக்கும் அப்பா ஜெயவேல், ஸ்டூலில் ஏறிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னா நைனா இது?”

“உன் மொதலாளி வராரு இல்ல? சொவுரு கலீஜா கீதே. பிளாக்கு பூரா சொல்லிட்டேன்டா.”

பீம்ராவ் தரையைப் பார்த்தபடி சொன்னான். “அவரு இங்க வரல, நைனா. ரெஜி வூட்டுக்கு வராரு. அதான் என் வூடுன்னு சொல்லி வச்சிக்கீறேன்.”

ஜெயவேல் ஸ்டூலை விட்டு இறங்கினார். பிரஷ்ஷை வாளியில் போட்டார்.

“என்னாலயா? நான் வேணா அன்னிக்கு டூட்டிக்குப் பூடறேன். உங்கம்மா அத்த வூட்டுக்குப் பூடும். நாங்க கண்ணுலயே படமாட்டோம். உன் வூடுன்னு இதக் காட்டேன்டா.”

பதினோரு இடத்தில் தனக்குக் கிடைத்த அடியை, இன்று அப்பாவுக்குத் தானே கொடுத்துவிட்டான் பீம்ராவ்.

கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து ஆங்கிலத்தில் தட்டினான். ‘நான் கொடுத்த முகவரி பொய். என் வீடு வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு குடியிருப்பு. என் அப்பா ஹார்பர் தொழிலாளி. இனி நான் வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால் சொல்லிவிடுங்கள்.’ கீழே பிளாக் எண், கதவு எண் எல்லாம் சேர்த்து நிஜ முகவரி. கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினான்.

பதில் இல்லை. வியாழன் போனது, வெள்ளி போனது. தினமும் வரும் வேலை மெயிலும் நின்றுபோனது. பச்சையம்மா கப்புகளைத் திரும்பத் திரும்பத் துடைத்து வைத்தாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கீழே ஓர் ஆட்டோ வந்து நின்றது. தலை நரைத்த, கறுத்து மெலிந்த ஒருவர் இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். பீம்ராவ் படிகளில் தடதடவென்று ஓடி, ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தான். டிரைவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

“டேவ்… சார்?”

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் ஏறினார்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், ஜெயவேல் இழுத்துப் போட்ட நாற்காலியில் உட்காரவில்லை. அவருடைய காய்த்துப்போன கைகளைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஜெயவேலுக்கு இங்கிலீஷும் தெரியாது, என்ன பேசுவதென்றும் தெரியவில்லை. வாயில் வந்ததைக் கேட்டார். “சாருக்கு எந்த ஊரு?”

டேவ் ஜெயவேலைப் பார்த்தார், பீம்ராவைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

“புளியந்தோப்பு, நைனா. மழ பேஞ்சா தண்ணி நிக்குதே, அந்த சப்வேக்கு அந்தாண்ட. இருவது வருசமா அடையாறுன்னு சொல்லிகினு கீறேன்.”