சாய்வுப் பக்கம்

மூன்றும் நான்கும் என்றால் ஐந்து, ஐந்தும் பன்னிரண்டும் என்றால் பதின்மூன்று. செங்கோண முக்கோணத்தின் பக்க அளவுகளை எட்டாம் வகுப்பு ராகம் போட்டு ஒப்பித்து முடித்ததும் ஜெபக்கனி டீச்சர் பிள்ளைகளைப் பின்சுவரின் பக்கம் கூட்டிப் போனாள். சுவரிலிருந்து மூன்றடி தள்ளித் தரையில் ஒரு கோடு, சுவரில் நான்கடி உயரத்தில் ஒரு கோடு. இரண்டுக்கும் இடையே குறுக்காக அளந்து சொல்ல வேண்டும். எல்லோரும் டேப்பை ஒப்புக்குப் பிடித்துவிட்டு "அஞ்சடி டீச்சர்" என்றார்கள். முப்பிடாதி மட்டும் "அஞ்சடி ஒரு இஞ்சு" என்றாள்.

"தொண்டத்தண்ணி வத்தக் கத்துனேனே, உன் மண்டையில ஏறலையாட்டி?"

"நீங்களே பிடிச்சுப் பாருங்க டீச்சர். மொதல்ல அளக்கும்போது அரை இஞ்சுதான் கூட இருந்துச்சு."

டீச்சர் எரிச்சலோடு டேப்பின் நுனியை அவளிடம் கொடுத்துச் சுவர்க்கோட்டில் அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். குனிந்து டேப்பின் மறுபக்கத்தைத் தரைக்கோட்டில் தானே வைத்தாள். ஐந்தடி ஓர் அங்குலத்தைத் தாண்டியிருந்தது. போன மாதம் அதிகாரி வருகிறார் என்று விரிசல்களையெல்லாம் பூசி மறைத்துப் புது வெள்ளை அடித்த சுவர் அது. நிமிர்ந்து பார்த்தாள். சுவர் அந்தப் பக்கமாகச் சாய்ந்திருந்தது.

அந்தப் பக்கம் ஒன்றாம் வகுப்பு. அங்கே இருக்கும் டீச்சரின் குரல் கேட்டது.

"எல்லாரும் செவத்துல நல்லாச் சாஞ்சு உக்காருங்க பாப்பம், கதை சொல்லப் போறேன்."

ஜெபக்கனி வாயைத் திறப்பதற்குள், அவள் விரலுக்கடியில் டேப் மெல்ல ஊர்ந்து நீண்டது.