அவசர வழி

"உன்னோட நீலச் சேலையக் குடுடி. நாளைக்குக் கம்பெனியில என்னை போட்டோ எடுக்கிறாங்க" என்றாள் அம்மா.

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினெட்டு வருடமாகத் தையல் மெஷின் மேல் குனிந்தே கிடந்தவளுக்கு இப்போதுதான் மாப்பிள்ளை பார்க்கிறார்களா என்று வாரினாள். ஏதாவது விருதாக இருக்கும். சிறந்த தொழிலாளி என்று ஒரு கேடயத்தைக் கையில் திணித்துக் கைதட்டி அனுப்பிவிடுவார்கள். எதற்கென்று அம்மாவுக்கே தெரியவில்லை. சேலையை மட்டும் இரண்டு முறை இஸ்திரி போட்டுக்கொண்டாள்.

மகள் வேலையில் சேர்ந்த அன்று கட்டிய சேலை அது. அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். இப்போது தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஆய்வாளர். தெருவில் கேட்கிறவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அம்மா அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே நடப்பாள்.

ஆய்வாளர் என்பது பெயருக்குத்தான். ஜனவரியில் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். நேரில் போய்ப் பார்ப்பது முதலாளிகளுக்குத் தொந்தரவாம். இனி அவர்களே போட்டோ எடுத்து அனுப்புவார்கள். இவள் நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். ஒருமுறை கொடுத்துவிட்டால் ஐந்து வருடத்துக்கு அந்தக் கட்டடத்துப் படியேறி யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாது. சொந்தக்காரர் வேலை செய்யும் இடமென்றால் கோப்பை வேறு ஆளுக்குத் தள்ளிவிட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அதையும் எடுத்துவிட்டார்கள்.

புதிய சட்டத்தில் உருப்படியாக இருந்தது ஒரே ஒரு வரி. எல்லா மாடியிலும் இரண்டாவது வழி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பெனிக்குப் பூட்டு. அந்த ஒரு வரிக்காகத்தான் மகள் மற்றதையெல்லாம் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள்.

ஏனென்றால் அம்மா வேலை செய்வது மூன்றாவது மாடி. அறுபது பெண்கள், ஒரே ஒரு படிக்கட்டு, அதிலும் பாதி அகலத்தைத் துணி மூட்டை அடைத்திருக்கும். போன வருடம் இஸ்திரி மேஜையில் புகை கிளம்பியபோது எல்லோரும் அந்தப் படிக்குத்தான் ஓடினார்கள். நெரிசலில் விழுந்த அம்மாவுக்கு இன்றும் வலது முட்டி மடங்காது.

மறுநாள் சாயங்காலம் அம்மா திரும்பியபோது சேலை முந்தானையில் கையகலத்துக்குச் சிவப்பு பெயின்ட். மகளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"கைப்பிடியப் பிடிக்கிற மாதிரி நில்லு, ஆனா தொட்டுடாதேன்னு மேனேஜர் படிச்சுப் படிச்சு சொன்னான். முந்தானை போய் ஒட்டிக்கிச்சு, நான் என்ன பண்ண?"

பெயின்ட் காய்வதற்குள் அப்படி என்ன அவசரம், கேடயம் ஓடியா போய்விடும் என்று மகள் கத்தினாள். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து அம்மாவின் கம்பெனிக் கோப்பு அவள் மேஜைக்கே வந்தது.

அந்த வாரம் மட்டும் பதினான்கு கோப்புகளைத் திருப்பியிருந்தாள். ஒன்றில் கதவுக்கு வெளியே தாழ்ப்பாள்; ஒன்றில் கதவை மறைத்துப் பீரோ. மேலதிகாரி கூப்பிட்டு, இது உங்கள் வீட்டு வாசலா, இப்படித் துருவித் துருவிப் பார்க்கிறீர்களே என்று கேட்டிருந்தார். எங்கள் வீட்டு ஆட்கள்தான் சார் உள்ளே இருக்கிறார்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது.

கோப்பைத் திறந்தாள். பளபளவென்று சிவப்புக் கதவு. மேலே வெள்ளை எழுத்தில் 'அவசர வழி'. பக்கத்தில் நீலச் சேலையில், கைப்பிடியை நோக்கிக் கையை நீட்டியபடி அம்மா நின்றிருந்தாள்.

அப்படியென்றால் விருது இல்லை. கதவு. மூன்றாவது மாடிக்கு இரண்டாவது வழி வந்துவிட்டது. அவளுக்குக் கண் கலங்கியது.

மற்ற கோப்புகளில் தாழ்ப்பாளின் ஆணி வரை பெரிதாக்கிப் பார்ப்பவள், இதில் அம்மாவின் முகத்தைத்தான் பெரிதாக்கிப் பார்த்தாள். போட்டோவுக்காக வலுக்கட்டாயமாகச் சிரித்த முகம். ஒப்புதல் பொத்தானை அழுத்தினாள். ஐந்து வருடம் என்று திரையில் பச்சையாக வந்தது.

வீட்டில் அம்மா மண்ணெண்ணெய் தொட்ட துணியால் இன்னும் அந்தக் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்காமலேயே சேலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் போட்டோ தன் மேஜைக்கு வந்ததையும், தானே ஒப்புதல் கொடுத்ததையும் சொன்னாள்.

"இனிமே புகை வந்தா அந்தப் பழைய படிப்பக்கம் போகாதம்மா. கூட இருக்கிறவங்களையும் இழுத்துக்கிட்டு, நேரா அந்தச் சிவப்புக் கதவத் திறந்து இறங்கிடு."

அம்மாவின் கை நின்றது. கேலி செய்கிறாளோ என்று மகளின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள்.

"சுவத்துல வரைஞ்ச கதவ எப்படிடி திறக்கிறது?"