நூறு வருஷத்துப் பூ

"அக்கா, எழுந்திரு. நான் ஒரு பூவைத் தொலைச்சுட்டேன்."

"காலையில வேற வாங்கிக்கலாம். படு."

"அது நூறு வருஷத்துப் பூ!"

அக்கா போர்வையை விலக்கினாள். பக்கத்துக் கட்டிலில் தங்கை தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவிடுக்கில் ஹால் வெளிச்சம். அங்கே அம்மா கம்ப்யூட்டரைத் தடதடவென்று தட்டிக்கொண்டிருக்கும் சத்தம்.

"அம்மா ஆபீஸ்லயா தொலைச்ச?"

"ம்."

பள்ளி விடுமுறை. அம்மா வேலை பார்க்கும் தாவரக் காப்பகத்துக்கு அன்று தங்கையும் போயிருந்தாள். உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டி, அலமாரி அலமாரியாக அடுக்கியிருக்கும் இடம். வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து மூன்று பழைய தாள்கள் இரவலாக வந்திருந்தன. "போட்டோ மட்டும் எடுத்து வை, வேற எதையும் தொடாதே" என்று சொல்லிவிட்டு அம்மா மீட்டிங்குக்குப் போய்விட்டாள்.

"அக்கா, மூணு தாள்லயும் ஒரே செடிதான். அம்மா மலை மலையா ஏறித் தேடுறாங்களே, அதுதான். ரெண்டு தாள்ல வெறும் இலை. ஒண்ணுல மட்டும் ஓரத்துல குட்டியா ஒரு காகித உறை. உள்ள ஒரே ஒரு பூ. சும்மா திறந்து பார்த்தேன்..."

"தொடாதேன்னு சொன்னா அதைத்தானே முதல்ல தொடுவ."

"தும்மல் வந்துருச்சுக்கா."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"சிரிக்காதே! தலைக்கு மேல ஃபேன் வேற. பூ தூள் தூளாப் பறந்துருச்சு. தரையெல்லாம் தேடினேன், ஒரு இதழ்கூடக் கிடைக்கல."

"அப்போ உறை காலியா இருக்கா?"

"இல்ல..." தங்கையின் குரல் தேய்ந்தது. "காப்பகத்துக்குப் பின்னாடி, சாக்கடை ஓரத்துல ஒரு செடி. இலை அச்சு அசலா அதே மாதிரி இருந்துச்சு. இலை ஒண்ணுன்னா பூவும் ஒண்ணுதானேன்னு, ஒரு பூவைப் பறிச்சு டீயில முக்கி, செடி காயவைக்கிற சூட்டுப்பெட்டியில வாட்டி, உறைக்குள்ள போட்டுட்டேன்."

"அடிப்பாவி! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சவங்களைக் கேள்விப்பட்டிருக்கேன். நீ அவங்களுக்கே பாடம் எடுப்ப. சரி விடு, மூணுல ஒண்ணுதானே? அம்மா மத்த ரெண்டைப் பார்த்துட்டுத் திருப்பி அனுப்பிடுவாங்க."

"அதான் இல்ல! அந்தச் செடிக்குப் பேர் வெச்ச பெரியவர், மூணு தாளையும் வெச்சுட்டு இதுதான் அசல்னு எதையும் சொல்லாமப் போய்ச் சேர்ந்துட்டார். இப்போ அம்மா ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும். அந்தப் பேருக்கு அந்தத் தாள்தான் ஆணி. எந்த நாட்டுல எவன் செடியைப் பிடுங்கினாலும், அந்தத் தாளோட ஒப்பிட்டுத்தான் பேர் சொல்லணும். அம்மா எழுதுறது அச்சுல வந்துட்டா அப்புறம் இஷ்டத்துக்கு மாத்த முடியாது."

"அம்மா எதை எடுத்தாங்க?"

"பூ இருக்கிறதைத்தான்! சாயங்காலம் நுண்ணோக்கியில வெச்சுப் பார்த்துட்டு, 'நூறு வருஷமாச்சு, நேத்துப் பறிச்ச மாதிரி இருக்கே'ன்னாங்க."

"நேத்துகூட இல்ல. மத்தியானம்."

"அக்கா, ப்ளீஸ்! அதுக்கப்புறம் அம்மா சிரிக்கவே இல்ல. அந்தப் பூவையே உத்து உத்துப் பார்த்தாங்க. வர்ற வழியில ஒரு வார்த்தை பேசல. சாப்பிடவும் இல்ல. கண்டுபிடிச்சுட்டாங்கன்னு நினைக்கிறேன்."

அக்காவின் சிரிப்பு நின்றது. அம்மாவுக்குப் பசியாற நேரமில்லாத நாட்கள் உண்டு. பேச நேரமில்லாத நாள் இருந்ததே இல்லை.

"போய்ச் சொல்லிடு. இப்போ சொன்னா திட்டோட போயிடும். அச்சுல வந்தப்புறம் வெளியாள் எவனாவது கண்டுபிடிச்சான்னு வை, அம்மா மானம் கப்பலேறிடும். போலிப் பூவை வெச்சவங்கன்னு பேராயிடும்."

தங்கை தலையாட்டினாள். காலைத் தரையில் வைத்தாள். ஹாலில் தட்டும் சத்தம் சட்டென்று நின்றது. அவள் எழுவதற்குள் கதவு திறந்தது. கலைந்த தலையும் சிவந்த கண்களுமாக அம்மா.

"ரெண்டு பேரும் தூங்கலையா? நல்லதாப் போச்சு."

"அம்மா... அந்தப் பூ..."

"அதைப் பத்தித்தான் பேசணும். உட்காரு."

தங்கை கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அக்கா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"இலையைப் பார்த்து எல்லாருமே ஏமாந்திருக்கோம்டி. அது மலைச் செடியோட பூவே இல்ல. நம்ம காப்பகத்துக்குப் பின்னாடி சாக்கடை ஓரத்துல மண்டிக் கிடக்கே ஒரு களை, அதோட பூ!"

"அம்மா, நான் வந்து..."

"இரு, முழுசாக் கேளு! அப்போ பெரியவர் பேர் வெச்சது அந்தக் களைக்குத்தான். இத்தனை காலமா அந்தப் பேரை மலைச் செடிக்குத் தப்பாச் சொல்லிட்டு இருந்திருக்கோம். மலைச் செடிக்குன்னு ஒரு பேரே கிடையாது. அது புதுச் செடி! யாரும் பேர் வெக்காத செடி! இவ்வளவு நேரம் அதைத்தான் எழுதினேன். இப்பதான் ஆராய்ச்சி இதழுக்கு அனுப்பினேன்."

"அப்போ புதுசா என்ன பேர் வெச்சிருக்கீங்க?" என்றாள் அக்கா, மெதுவாக.

அம்மா சின்னவளின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"பார்சல் வந்ததும் முதல்ல தொட்டது இந்தக் கைதானே? எல்லாம் இந்தக் கைராசி. அதான் இவ பேரையே வெச்சுட்டேன். இனிமே உலகம் பூரா அந்தச் செடி என் சின்னக்குட்டிதான்!"

விளக்கை அணைத்துவிட்டு அம்மா போய்விட்டாள். இருட்டில் அக்காவின் குரல் மட்டும் வந்தது.

"ஏன்டி, இப்போ போய்ச் சொல்லுவியா, மாட்டியா?"