வாயில் நுழையாத பெயர்

பெர்கன் நூலகத்தில் புதன்கிழமைதோறும் வெளிநாட்டவருக்கு நோர்வே மொழி பேசப் பழக்குவார்கள். எரித்திரியாவிலிருந்து வந்த தெஸ்ஃபாலெமுக்கு வாய்த்த தொண்டர் ஹோகன்.

"உன் பேரு என் வாயில நுழையலப்பா. தோமஸ்னே கூப்பிடுறேன்" என்று முதல் நாளே புதுப்பெயர் சூட்டிவிட்டார். வாராவாரம் முதுகில் தட்டுவார். "அசத்துற தோமஸ்! எங்க ஊர்க்காரன் கெட்டான் போ!"

இன்று ஹோகன் வாஃபிள் பலகாரத்தைக் கடித்துக்கொண்டிருக்க, தெஸ்ஃபாலெம் தன் தட்டைத் தொடவே இல்லை.

"ஏன்டா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?"

"நேத்து ஒரு வேலைக்கு ஃபோன் பண்ணேன். எனக்கு மொழி பத்தாதாம்."

"எந்த மடையன் சொன்னான்? உன்கிட்ட ஒழுங்காப் பேசிப் பார்த்தானா?"

"இல்ல. பேரைக் கேட்டதுமே சொல்லிட்டாரு."

"சீ! இவனுங்களால எங்க நாட்டுக்கே அசிங்கம். யாருன்னு சொல்லு, நாலு வார்த்தை நறுக்குனு கேட்டுட்டு வரேன்."

"அவரு குரல் எனக்கு நல்லாத் தெரியும். உங்க மீன் கிடங்குலதான் வேலை கேட்டேன். ஃபோனை எடுத்தது நீங்கதான்."

ஹோகனின் வாயில் வாஃபிள் அப்படியே நின்றது.

"அட... அது நீயா தோமஸ்? முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"ஃபோன்ல முதல்ல பேரைச் சொல்லணும்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க? சொன்னேனே!"