கஜபதி சாரின் கருத்துப் படிவம்

பத்மா தன் கணவர் கஜபதியின் போனை ஜீவாவிடம் நீட்டினாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தாகிவிட்டது. ஆவடி குவார்ட்டர்ஸின் அந்தச் சின்ன முன்னறையில் ஜீவா ஒருவன்தான் பாக்கி.

கல்லூரியில் கஜபதிக்குப் பக்கத்து மேசைக்காரன் அவன். போன வாரம் இருவரும் ஒரே ஆன்லைன் பயிற்சியில், அவரவர் வீட்டிலிருந்தே சேர்ந்திருந்தார்கள். ஐந்து நாள் ஆசிரியர் மேம்பாடு. கேமராவை அணைத்துவிட்டால் மேம்பட்டுக்கொண்டே துணியும் துவைக்கலாம். கடைசி நாள் கருத்துப் படிவத்தை நிரப்பினால் சான்றிதழ். அது இல்லாமல் பதவி உயர்வு இல்லை.

அந்தக் கடைசி நாளில்தான் கஜபதிக்கு மாரடைப்பு.

"காலைல நெஞ்சு கரிக்குதுன்னாரு தம்பி. பன்னெண்டரைக்கு ஃபேக்டரி கேட்டாண்ட வந்து போன் போட்டேன், எடுக்கல. உங்களுக்குப் போட்டா, கிளாஸ்ல இருக்காருன்னீங்க. அதான் ஊட்டுக்கு வரல. ரெண்டு மணிக்கே உயிர் போயிருக்கும்னு டாக்டர் சொல்றாரு. அவருக்கு இன்னா தெரியும்? நாலு பன்னெண்டுக்கு இவர் எழுதினதைப் பாருங்க."

அவள் வேலை பார்க்கும் ஃபேக்டரியிலிருந்து வீட்டுக்கு ஸ்கூட்டியில் ஏழு நிமிடம்.

மின்னஞ்சலில் படிவத்தின் நகல் இருந்தது. பயிற்சி எப்படி இருந்தது என்ற கேள்விக்குக் கீழே, 'வெரி யூஸ்ஃபுல்'.

அவர் கடைசியாக எழுதியது இதுதான் என்று பத்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் உடையவில்லை. நாலேகால் வரை நன்றாக இருந்த மனிதர், யார்தான் என்ன செய்திருக்க முடியும்?

இப்போதே உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஜீவா வாயெடுத்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாக்கா, கடைசி வரைக்கும் இருந்தாரு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கிக்கொண்டாள்.

அன்று காலை, கொஞ்சம் படுத்துக்கொள்கிறேன், என் பேரிலும் நீயே வகுப்புக்குள்ளே போய்விடு என்று கஜபதி அவனிடம் கேட்டிருந்தார். லேப்டாப்பில் ஜீவா, பக்கத்தில் தன் மகளின் டேப்லெட்டில் கஜபதி. பத்மா போனில் கேட்டபோது, நண்பரைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று, டேப்லெட்டில் தெரிந்த பெயரைப் பார்த்துத்தான் இருக்கிறார் என்றான்.

நாலு பத்துக்குத் தன் படிவத்தை முடித்தான். அதில் எழுதிய அதே இரண்டு வார்த்தைகளைத்தான் இரண்டு நிமிடம் கழித்து அவருடையதிலும் எழுதினான்.