வேகம் குறையும் இடம்

"முன்னாடியே சொல்லிடறேன் தம்பி. இந்த வண்டியில ஒரு கோளாறு இருக்கு," என்றாள் நரெல். "ஒரு இடம் வந்தா தானா மெதுவாயிடும்."

டேரில் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டான். முப்பது வயதிருக்கும். வந்ததும் கையுறைகளை மடித்துத் தன் ஹெல்மெட்டுக்குள் போட்டு, அதைத் தாடைப் பட்டையால் வேலிக் கம்பத்தில் தொங்கவிட்டிருந்தான்.

"பெட்ரோல் அடைச்சுக்குதா?"

"மூணு மெக்கானிக் பாத்துட்டாங்க. எல்லாம் சரியா இருக்குங்கறாங்க. என் புருஷன் க்ளென் விழுந்து செத்த இடம் அது. அங்க மட்டுந்தான் இப்படி."

இதற்கு முன் வந்த பதினோரு பேரில் ஒருவன், பேய்க்குத் தள்ளுபடி உண்டா என்று கேட்டுச் சிரித்தான். இன்னொருவன் எந்த இடம், எத்தனையாவது கிலோமீட்டர் என்று துருவினான். டேரில் சிரிக்கவுமில்லை, கேட்கவுமில்லை.

எஞ்சின் முழுக்க வெளியே தெரிகிற, மறைப்பு எதுவுமில்லாத பெரிய வண்டி அது. ஆயிரத்து இருநூறு சிசி. டேங்கின் இடப்பக்கம் உள்ளங்கை அளவுக்கு ஒரு நசுங்கல். அவன் டயரைப் பார்க்கவில்லை, செயினைப் பார்க்கவில்லை. அந்த நசுங்கலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எதுக்காக விக்கறீங்க?"

"இது இங்க நிக்கறவரைக்கும் தூக்கம் வராது போலிருக்கு."

அது பாதிதான் உண்மை. கங்காரு குறுக்கே வந்திருக்கிறது, விழுந்த பிறகு அரை மணி நேரம் உயிர் இருந்திருக்கும், பக்கத்தில் யாரும் இல்லை என்று போலீஸ்காரர் சொல்லியிருந்தார். பதினான்கு மாதங்களாக நரெல் அந்த அரை மணி நேரத்துக்குள்ளேதான் வாழ்ந்துகொண்டிருந்தாள். பாத்திரம் கழுவும்போதும் ஆடுகளுக்குத் தண்ணீர் திறந்துவிடும்போதும் அது அவளுக்குள் ஓடியபடியே இருந்தது. தனியாகக் கிடந்து யாரைக் கூப்பிட்டான்? என்ன கேட்டான்?

ஓட்டிப் பார்க்க வருகிறவர்கள் தங்கள் கார்ச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். டேரிலும் நீட்டினான்.

"சாவி வேணாம். நான் பின்னாடி ஒக்காந்துக்கறேன். வழி சொல்லணுமில்ல."

"வேகம்னா பயமில்லையே அக்கா?"

"இருபது வருஷம் இந்த சீட்டுலதான் ஒக்காந்திருக்கேன். நீ விழாம ஓட்டு, போதும்."

தானியக் கிடங்கைத் தாண்டியதும் அவன் தோளைத் தட்டி இடப்பக்கம் காட்டினாள். தார்ச்சாலை குறுகியது. இருபுறமும் கனோலாப் பயிர் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. எதிரே பிக்கப் வண்டியில் வந்தவர், அந்தப் பக்கத்து வழக்கப்படி, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொன்னார். டேரில் தலையசைத்தான்.

பிறகு அந்த நேர்ச்சாலை வந்தது. பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு வளைவு இல்லை, ஒரு மேடு இல்லை. முழுக்க ஒரே வேலி. இதுதான் இடம் என்று காட்ட ஓர் அடையாளமும் கிடையாது. சாலையில் செத்தவர்களுக்கு நடுகிற வெள்ளைச் சிலுவையைக்கூட நரெல் க்ளெனுக்கு நடவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

வண்டி நூறைத் தொட்டது. நரெல் சாலையைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலாக எட்டி, ஆக்ஸிலரேட்டரைப் பிடித்திருந்த அவனுடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உறுமல் தணிந்தது. நூறு எண்பதாயிற்று. எண்பது ஐம்பதாயிற்று. கடைசியில் வண்டி நின்றேவிட்டது. வேலிக்கு அப்பால் ஆடுகள் எல்லாம் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கின.

டேரில் இறங்கினான். முகம் வெளுத்திருந்தது. "நீங்க சொன்னது நெசந்தான்க்கா. தானா நின்னுடுச்சு."

சொல்லிக்கொண்டே கையுறைகளைக் கழற்றி மடித்தான். ஹெல்மெட்டுக்குள் போட்டு, பக்கத்திலிருந்த வேலிக் கம்பத்தில் மாட்டினான்.

காற்றில் லேசாக ஆடுகிற அந்த ஹெல்மெட்டைப் பார்த்தபடி நரெல் பேசினாள். "க்ளெனோட ஹெல்மெட்டும் இந்தக் கம்பத்துலதான் தொங்கிச்சு. கையுறை மடிச்சு உள்ள இருந்துச்சு. அவனே கழட்டி மாட்டியிருப்பான்னு போலீஸ்ல சொன்னாங்க. இடுப்பு ஒடஞ்சவன் எப்படித் தம்பி எழுந்து வந்து மாட்டுவான்?"

டேரிலின் கை கம்பத்தின் மேலேயே நின்றுவிட்டது.

"வண்டிக்கு ஒரு கோளாறும் இல்ல. உன்கிட்ட சொன்னதத்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன். பதினோரு பேர் என்னைப் பின்னாடி ஒக்கார வெச்சு இதே ரோட்டுல ஓட்டிட்டு வந்தாங்க. ஒருத்தனும் இங்க வேகத்தக் கொறைக்கல."

அவன் ஹெல்மெட்டைக் கம்பத்திலிருந்து எடுத்தான். "ரோட்டுல போற யார் கண்ணுலயாவது படட்டும்னுதான் மாட்டினேன். போன்ல சிக்னல் இல்ல. போலீஸ்ல என் லைசென்ஸ வேற அப்பப் புடுங்கி வெச்சிருந்தாங்க. மூச்சு நிக்கறவரைக்கும் அவர் கையப் புடிச்சிக்கிட்டுதான் இருந்தேன். அப்புறம் பயந்து ஓடிட்டேன்க்கா. விளம்பரத்துல இந்த டேங்கப் பாத்ததும்..."

"அதெல்லாம் எனக்கு வேணாம்."

நரெல் அவன் சட்டைக் கையை இறுகப் பற்றினாள்.

"க்ளென் கடைசியா என்ன சொன்னான்?"