ஜட்ஜம்மாவுக்கு ஒரு ஓட்டு

"ஜட்ஜ் ட்வெயிட் பின்பக்கப் படிக்கட்டு வழியா வந்திருக்காங்க சார். முகம் தெரியாம தலையில ஸ்கார்ஃப். கூட ஒரு ஈ காக்கா இல்லை."

மாவிஸ் கதவைச் சாத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றுகொண்டாள். செனட்டர் வெண்டல் ரூக்கரிடம் இருபத்திரண்டு வருடமாகச் செயலாளராக இருப்பவள். யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது என்பது அவள் மூக்குக்கே தெரியும்.

ரூக்கர் கண்ணாடியைக் கழற்றினார். "யாரு, ஜட்ஜ் ட்வெயிட்டா? அவங்க இங்க வந்துட்டுப் போய் மூணு வாரமாச்சே!"

முறைப்படியான சந்திப்பு அன்றே முடிந்துவிட்டது. வெள்ளை மாளிகை ஆட்கள் நாலு பேர் சூழ வந்து, கேமராக்களுக்குச் சிரித்து, அரைக் கோப்பை காபியோடு கிளம்பிப் போனார் நீதிபதி ராஸ்லின் ட்வெயிட். மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அதிபர் அவர் பெயரை அனுப்பியிருந்தார். நாளை காலை செனட்டில் ஓட்டெடுப்பு. ஆளுங்கட்சிக்கு ஐம்பத்தொன்று, எதிர்க்கட்சிக்கு நாற்பத்தொன்பது.

ரூக்கர் எதிர்க்கட்சி. மூன்று வருடமாக எந்த நீதிபதிக்காகவும் சபையின் நடுவே இரு கட்சிகளையும் பிரிக்கும் நடைபாதையை ஒரு ஓட்டுகூடத் தாண்டியதில்லை. ஆனாலும் அவர் இரண்டு சனி ஞாயிறுகளைச் செலவழித்து, பென்சிலும் கையுமாக ட்வெயிட்டின் தீர்ப்புகளைப் படித்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அந்த அம்மாளை ஆதரித்துப் பேச ஐந்து நிமிடம் வேண்டும் என்று இன்று காலைதான் எழுதிக் கொடுத்திருந்தார். மூன்று மணிக்கு இந்த விஜயம்.

"எனக்கென்னவோ சரியாப் படலை," என்றாள் மாவிஸ். "போன மாசம் ஜட்ஜ் பதவிக்கு லாக்ரிட்ஜுன்னு ஒருத்தர் பேரு வந்துச்சே, அவர் கதை என்னாச்சு? நம்ம கட்சி ஆளு ஒருத்தர் டிவியில அவரைத் தங்கமான மனுஷன்னார். ரெண்டே நாள்ல 'குடும்பக் காரணம்'னு காணாமப் போயிட்டார். அந்தப் பக்கம் நடக்கிற எதுவுமே நேர்வழி இல்லை. உங்க வாயைக் கிளறிட்டு, 'ரூக்கர் மிரட்டினார்'னு ராத்திரி நியூஸ்ல போட்டுடுவாங்க. முதல்ல அவங்க போனை வாங்கி வெளிய வெச்சுடறேன்."

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. உள்ளே வந்த ட்வெயிட் தானாகவே போனை எடுத்து மாவிஸின் கையில் கொடுத்தார். ரூக்கருக்கு அதுதான் இன்னும் உறுத்தியது. பதிவாகக் கூடாத அளவுக்கு அப்படி என்ன பேசப் போகிறார்?

"நான் இங்க வந்தது யாருக்கும் தெரிய வேண்டாம், செனட்டர்."

"உங்க வெள்ளை மாளிகைக்குமா?"

"அவங்களுக்குத்தான் முக்கியமா."

நான் சொன்னேனா இல்லையா என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு மாவிஸ் வெளியேறினாள். கதவை முழுதாகச் சாத்தவில்லை.

"நாளைக்கு எனக்காகப் பேசப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். நிஜமா?"

"நிஜம்தான். ஆனா பதிலுக்கு ஏதாவது தர்றேன்னு சொல்ல வந்திருந்தா, வந்த படிக்கட்டிலேயே இறங்கிப் போயிடுங்க ஜட்ஜம்மா. அந்த வியாபாரம் என்கிட்ட கிடையாது."

ட்வெயிட்டின் முகம் சிவந்துவிட்டது. கைப்பையைத் திறந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தார்.

ரூக்கர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். இந்த ஊரில் இப்படிப் பையிலிருந்து வந்த காகிதங்கள் எத்தனையோ பேரைக் கவிழ்த்திருக்கின்றன. போன வருடம் மகன் குடித்துவிட்டுக் கார் ஓட்டிப் பிடிபட்டது நினைவுக்கு வந்தது.

"என்ன அது?"

"என் தீர்ப்புகள். நாலே நாலுதான். எங்கெல்லாம் என்மேல குறை சொல்ல முடியுமோ, அங்கெல்லாம் சிவப்பு மையில கோடு போட்டிருக்கேன்."

ரூக்கர் சந்தேகத்தோடு முதல் தாளை இழுத்தார். சுரங்கத் தொழிலாளர்கள் வழக்கு. ஓரத்தில் அந்த அம்மாளின் கையெழுத்திலேயே ஒரு குறிப்பு: 'சட்டத்தைவிட இரக்கத்தைப் பெரிதாக நினைப்பவர் என்று தாக்கலாம்.'

"அபாண்டம்!" அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "இதை நான் ரெண்டு தடவை படிச்சிருக்கேன். சுரங்க முதலாளி அதிபருக்கு நெருங்கின ஆளு. அப்படியும் சட்டம் தொழிலாளி பக்கம்தான்னு துளிகூட அசையாம எழுதியிருக்கீங்க. இந்தத் தீர்ப்பைப் பத்திதான் நாளைக்குப் பேசப் போறேன்."

ட்வெயிட் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"அதை முழுசாப் படிச்சேன்னு சொன்ன முதல் செனட்டர் நீங்கதான்," என்றார். "எங்க பக்கத்துல ஒருத்தரும் படிக்கலை. அவங்க கேட்டதெல்லாம் நான் யாரு ஆளுங்கிறது ஒண்ணுதான்."

"அப்புறம் எதுக்கும்மா இந்தச் சிவப்புக் கோடு? என்னை எதுல மாட்டிவிடப் பாக்கறீங்க?"

ட்வெயிட் திரும்பிக் கதவைப் பார்த்தார். மேசை மேல் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்க என்னை நல்ல ஜட்ஜுன்னு சொல்லிட்டா, எங்க ஆளுங்க என்னைக் கைகழுவிடுவாங்க. தயவு செஞ்சு எதிர்த்து ஓட்டுப் போடுங்க, செனட்டர். நான் ஜெயிச்சாகணும்."